ராஜாவின் பல்லுக்கு ஒரு பதிலாள்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் பலகாரம் அதிகமாகவும் இருந்த ஒரு காலத்தில், வீரபூபதி என்று ஒரு மகாராஜா இருந்தார். அவர் ஆண்ட நாட்டின் பெயர் எதற்கு? பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்லவர்தான். வரியைக் கொஞ்சமாக வாங்குவார், வாய்விட்டுச் சிரிப்பார், யாருக்கும் கெடுதல் நினைக்க மாட்டார். ஒரே ஒரு குறை, தமக்குப் பிடிக்காத எந்த வேலையையும் தம் கையால் செய்ய மாட்டார்.

அதற்காகவே அந்த அரண்மனையில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவுக்கு எதெல்லாம் கஷ்டமோ அதையெல்லாம் செய்ய ஒவ்வொரு பதிலாள் உண்டு. ஏகாதசி விரதத்துக்கு ஒருவர். அவர் பட்டினி கிடப்பார், புண்ணியம் ராஜாவுக்குப் போகும். ராஜா அன்றைக்குப் பின்கட்டில் உட்கார்ந்து அதிரசம் சாப்பிடுவார். மார்கழிக் குளிரில் குளத்தில் முழுக இன்னொருவர். மகாராணிக்குக் கோபம் வந்தால் எதிரே நின்று திட்டு வாங்கக்கூட ஒரு பதிலாள் இருந்தார். அவருக்குக் காது மந்தம். அதனால்தான் அந்த உத்தியோகத்தில் அவரால் நிலைக்க முடிந்தது.

இந்த உத்தியோகங்களைக் கைமாற்றுவதற்கும் ஒரு முறை வைத்திருந்தார்கள். பதிலாளாக இருப்பவர், சபையில் நாலு பேர் பார்க்க, இன்னொருவர் கையில் தாம்பூலம் கொடுக்க வேண்டும். வாங்கியவர் அதை வாயில் போட்டுக்கொண்டால் முடிந்தது கதை. வேலையும் அவருடையது, வேலையோடு வருகிற வினையும் அவருடையது. தாம்பூலம் மாற்றிக்கொண்டால் கல்யாணமே நிச்சயமாகிவிடுகிற ஊரில் இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? விரதப் பதிலாளுக்கு ஒருமுறை காய்ச்சல் வந்தபோது, சபையை வேடிக்கை பார்க்க வந்த மைத்துனனுக்கு அன்போடு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். அந்த மைத்துனன் அன்றுமுதல் ஏகாதசிதோறும் பட்டினி கிடக்கிறான்.

அந்தச் சபையின் விகடகவி நல்லாண்டி. இடுப்பில் வாள் கிடையாது, கழுத்தில் முத்துமாலை கிடையாது. ஆனால் வாயைத் திறந்தால் பூசணி விதையை அடுக்கி வைத்ததுபோல வெள்ளை வெளேரென்று பல் தெரியும். உழவனுக்கு மாடு எப்படியோ, பேசிப் பிழைக்கிறவனுக்குப் பல் அப்படி. அதனால் அவன் அதை மாட்டைப்போலவே பேணினான். விடிந்ததும் வேப்பங்குச்சியை நுனி பஞ்சாகும்வரை மென்று, மேலும் கீழும் நிதானமாகத் துலக்கி, நாக்கை வழித்து, வாய் கொப்பளித்த பிறகுதான் பெண்டாட்டியோடுகூடப் பேசுவான். அவன் பேசினால் ராஜா சிரிப்பார், ராஜா சிரித்தால் அவன் வீட்டில் உலை கொதிக்கும்.

அவன் வீட்டு உலை கொதிக்கும்போதெல்லாம் வயிறு கொதித்த ஒருவர் உண்டு. பிரதானி திருமேனிநாதர், ராஜாவுக்கு அடுத்தபடியான பெரிய மந்திரி. அவர் மூன்று நாழிகை யோசனை சொன்னால் ராஜா கொட்டாவி விடுவார். நல்லாண்டி தும்மினால்கூடச் சிரிப்பார். எந்தப் பிரதானிக்குத்தான் பொறுக்கும்? அந்த ஆற்றாமையை அவர் வெற்றிலையில் தீர்த்துக்கொள்வார். காலையில் வாயில் அடக்கியது இரவு படுக்கும்வரை இருக்கும். பல் எது, பாக்கு எது என்று அவர் வாயில் பிரித்துச் சொல்வது கடினம்.

ஒருநாள் காலையில் ராஜா வேப்பங்குச்சியைக் கடித்தார், முகத்தைச் சுளித்தார், குச்சியைத் தூக்கிக் குளத்தில் எறிந்துவிட்டு நேரே சபைக்கு வந்தார்.

"சபையோரே! இன்று முதல் நாம் பல் துலக்குவதில்லை."

சபை திடுக்கிட்டது.

"கசப்பது குடிகளுக்கு, இனிப்பது கோனுக்கு. விரதத்துக்குப் பதிலாள் இருக்கும்போது பல்லுக்கு ஏன் இருக்கக் கூடாது? நம் பொருட்டுப் பல் துலக்க யார் முன்வருகிறீர்கள்?"

பிரதானி துள்ளி எழுந்தார். "அந்தப் பாக்கியம் அடியேனுக்கே கிட்டட்டும், மகாராஜா!"

"மகிழ்ச்சி. ஆனால் ஒன்று. நம் பல்லுக்கு ஏதேனும் நேர்ந்தால், பதிலாளின் முன்வரிசைப் பல் முழுவதையும் பிடுங்கிவிடுவோம். பொறுப்பு என்றால் பொறுப்பாக இருக்க வேண்டும் அல்லவா?"

பிரதானியின் வாயிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது. அவர் பல்லின் யோக்கியதை அவருக்குத் தெரியும். எழுந்தவர் உட்காரவும் முடியாமல் விழித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், வீட்டில் உளுந்து அரைத்துக் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து வாசலில் நுழைந்தான் நல்லாண்டி. உள்ளே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது.

பிரதானி அவனை நோக்கிப் பாய்ந்தார். "வாரும் நல்லாண்டி, வாரும்! நேற்று நீர் சொன்ன கதையை நினைத்து நினைத்து வீட்டில் விழுந்து விழுந்து சிரித்தேன். இந்த நாட்டில் உம்மை ஜெயிக்க ஆள் இல்லை. இந்தாரும், என் கையால் ஒரு தாம்பூலம்."

வருஷக்கணக்கில் முறைப்பைத் தவிர எதையும் தராத மனிதர் வெற்றிலை தருகிறார். பாராட்டென்றால் விகடகவிக்குப் பாகற்காயும் கற்கண்டு. வெற்றிலைப் பக்கமே போகாத நல்லாண்டி அதை வாங்கி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றான்.

"சபையோர் பார்த்தீர்கள் அல்லவா?" என்றார் பிரதானி.

எல்லோரும் பார்த்திருந்தார்கள். நல்லாண்டி விஷயம் தெரிந்துகொண்டபோது வெற்றிலை தொண்டையைத் தாண்டிவிட்டிருந்தது. புகழ்ச்சிக்கு வாயைத் திறந்த தன் புத்தியை அவன் அன்று முழுவதும் திட்டிக்கொண்டான்.

மறுநாளிலிருந்து வேலை ஆரம்பமாயிற்று. விடிந்ததும் அரண்மனை முற்றத்துக் கல்மேடையில் சங்கு ஊதுவார்கள். நல்லாண்டி ஏறி நின்று, "இது மகாராஜா பொருட்டு" என்று உரக்கச் சொல்லிவிட்டு வேப்பங்குச்சியை எடுப்பான். மேல்வரிசை, கீழ்வரிசை, உள்பக்கம், வெளிப்பக்கம் என்று ஒன்று விடாமல் துலக்குவான். உப்பரிகையிலிருந்து ராஜா அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அப்படியே எள்ளுருண்டைத் தட்டின் பக்கம் திரும்புவார்.

நல்லாண்டி ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னான். "மகாராஜா, இனிப்பு சாப்பிட்டபின் ஒரு வாய் தண்ணீர் விட்டாவது கொப்பளிக்கலாகாதா?"

"நல்ல யோசனை. அதையும் நம் பொருட்டு நீயே கொப்பளி."

அதற்கப்புறம் போஜன சாலையில் நடந்ததைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். ராஜா அதிரசம் தின்பார், பக்கத்தில் நின்று நல்லாண்டி கொப்பளிப்பான். ராஜா சுழியம் தின்பார், நல்லாண்டி கொப்பளிப்பான். ராஜா படுக்கப்போகும்போது ஒரு கிண்ணம் தேனில் ஊறிய பலாச்சுளை வரும். அது முடிந்ததும் நல்லாண்டி இன்னொரு வேப்பங்குச்சியை எடுத்துக்கொண்டு, "இது மகாராஜா பொருட்டு" என்பான்.

மாதங்கள் போகப் போக நல்லாண்டியின் பல் நிலாவோடு போட்டி போட்டது. ராஜாவின் பல் மஞ்சளிலிருந்து பழுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. பல்லாவது பரவாயில்லை, வாயை மூடினால் தெரியாது. வாடை அப்படியா? பின்னால் நின்று சாமரம் வீசியவர்கள் ஒருவர்பின் ஒருவராக முன்னால் வந்து, காற்று ராஜாவின் பக்கமாகவே திரும்பிப் போகும்படி வீச ஆரம்பித்தார்கள். மகாராணியின் ஆசனம் தினமும் ஒரு சாண் தள்ளிப் போயிற்று. வழக்கு சொல்ல வந்தவர்கள் இரண்டே வார்த்தையில் சமாதானமாகி ஓடினார்கள். சபை முன்னைவிடச் சீக்கிரம் முடிவதைப் பார்த்து, நிர்வாகம் சிறந்துவிட்டது என்று ராஜா பெருமைப்பட்டுக்கொண்டார்.

உண்மையை யார் சொல்வது? நல்லாண்டிக்கு நாக்கின் நுனிவரை வரும். ஆனால் ராஜாவிடம் போய், "உங்கள் வாய் நாறுகிறது" என்று எந்த விகடத்தில் பொதிந்து சொல்வது? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கெட்டுப்போகிறது ராஜாவின் பல்தான், ஆனால் பிடுங்கப்படப் போவது இவனுடையது. ராஜா ஒவ்வொரு பலகாரத்தைக் கடிக்கும்போதும் நல்லாண்டிக்குப் பல் கூசியது.

அறுவடைத் திருநாள் வந்தது. ஊர்க்காரர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த தட்டில் பொருள்விளங்கா உருண்டை இருந்தது. வறுத்த மாவை வெல்லப்பாகில் உருட்டிப் பிடித்தால் அது பலகாரமா, பாறையா என்று சொல்ல முடியாத ஒரு சாமான். இளவட்டங்களே அதைத் துணியில் சுற்றித் தரையில் தட்டி உடைத்துத்தான் தின்பார்கள். ராஜா ஆசை மிகுதியில் கடைவாயில் வைத்து ஒரு கடி கடித்தார்.

"கடக்" என்று ஒரு சத்தம். அடுத்தது ராஜாவின் சத்தம். யானைக் கொட்டாரத்தில் யானைகள் திரும்பிப் பிளிறின.

சாயங்காலத்துக்குள் கன்னம் பணியாரமாக வீங்கிவிட்டது. அரண்மனை வைத்தியர் அகோரம் வந்து, விளக்கைப் பிடித்து வாய்க்குள் பார்த்தார். "கடைவாய்ப் பல் ஒன்று சொத்தை, மகாராஜா. தின்றது எல்லாம் அந்தக் குழியில் போய் அடைந்து அடைந்து உள்ளேயே அரித்துவிட்டது. இப்போது ஆடுகிறது. தொட்டால் வந்துவிடும், வந்துவிட்டால் வலியும் போய்விடும்" என்று சொல்லிப் பையிலிருந்து பல் பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்தார்.

குறட்டைப் பார்த்ததும் ராஜா வாயை மூடினார். மூடினவர் திறக்கவே இல்லை. வைத்தியர் கெஞ்சினார், மகாராணி மிரட்டினார். ஊஹூம். கிராம்புத் தைலத்தைக் கன்னத்தின் வெளிப்பக்கமாகத் தடவ மட்டும்தான் அனுமதி கிடைத்தது. வைத்தியர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் சபையில் பிரதானி எழுந்தார். குரலில் துக்கம், கண்ணில் தீபாவளி.

"மகாராஜா, குறடு தங்கள் வாய்க்கு வர வேண்டிய அவசியமே இல்லை. பதிலாள் பட்டினி கிடந்தால் புண்ணியம் தங்களுக்கு வருகிறது. அப்படியானால் பதிலாளின் பல்லைப் பிடுங்கினால் வலி தங்களை விட்டுப் போகத்தானே வேண்டும்? தாங்கள் அன்றே இட்ட ஆணையும் இருக்கிறது."

"மகாராஜா!" என்று பதறினான் நல்லாண்டி. "நான் ஒருவேளைகூடத் தவறாமல் துலக்கினேனே!"

"அப்படியானால் மகாராஜாவின் பல் ஏன் கெட்டது?" என்றார் பிரதானி.

பதில் சபையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதனால்தான் ஒருவரும் பேசவில்லை. ராஜாவுக்கு நல்லாண்டிமேல் பிரியம் இல்லாமல் இல்லை. ஆனால் பல்வலிக்காரனுக்குப் பிரியம் ஏது, பாசம் ஏது? கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமலே, "நாளைக் காலை" என்பதுபோல ஒரு விரலை ஆட்டினார்.

நல்லாண்டி உச்சிவெயிலில் வீட்டுக்குப் போனான். அவன் பெண்டாட்டி செங்கமலம் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். வழக்கமாக வாசலிலேயே பேச்சை ஆரம்பிக்கிற மனிதன் பேசாமல் வந்து தூணில் சாய்ந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன, வாயில கொழுக்கட்டையா? பேச்சையே காணோம்?"

"நாளைக்கு முன்பல்லு பூராவும் போகப் போகுது, செங்கமலம். இன்னிக்கே பழகிக்கிறேன்."

நடந்ததைக் கேட்டு அவள் முறத்தைக் கீழே வைத்தாள். "பல்லு போனா சொல்லு போச்சு. சொல்லு போனா நமக்குச் சோறும் போச்சு. பொக்கை வாயால நீங்க கதை சொன்னா, ராசா கதையைக் கேட்டா சிரிப்பாரு? உங்க மூஞ்சியைப் பார்த்துல்ல சிரிப்பாரு!"

ஊரையெல்லாம் சிரிக்க வைத்தவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நாக்கால் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எல்லாம் இடத்தில் இருந்தன. நாளை இந்நேரம் இருக்கப்போவதில்லை.

"கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. இத்தனை மாசமாக் கேட்டும் மழுப்பிட்டீங்க. இந்தப் பாழாப்போன வேலையில உங்களை யாரு போய்ச் சேரச் சொன்னது?"

"நானா சேந்தேன்? பிரதானி நாலு வார்த்தை புகழ்ந்தாரு, வெத்தலை குடுத்தாரு. வாங்கி வாயில போட்டுக்கிட்டேன்."

செங்கமலத்துக்கு வந்ததே கோபம். "நான் ஆசையா மடிச்சுக் குடுத்தா பல்லு கறையாயிடும்னு தள்ளிவிடறது. ஊரான் புகழ்ந்துக்கிட்டே குடுத்தா வாங்கி மெல்லறதாக்கும்? ஏன், புகழ்ந்தா நீங்க மட்டுந்தான் வாயைத் தொறப்பீங்களா? அந்தப் பிரதானி தொறக்க மாட்டாரா? அந்த மனுசன் வெத்தலைன்னா வேலியத் தாண்டி வருவாராமே!"

அழப்போன நல்லாண்டி நிமிர்ந்து உட்கார்ந்தான். "என்ன சொன்ன? இன்னொரு வாட்டி சொல்லு."

"எதை? வேலியைத் தாண்டறதையா?"

"கொல்லையில வெத்தலைக் கொடி தளிர் விட்டிருக்கா?"

"விட்டிருக்கு."

"நல்ல கொழுந்தாப் பார்த்துப் பறிச்சு வை. களிப்பாக்கு, ஏலக்காய், சுண்ணாம்பு எல்லாம் நாளைக் காலையில தயாரா இருக்கணும்."

"பல்லு போகப்போற நேரத்துல தாம்பூலம் கேக்குதா உங்களுக்கு?"

"எனக்கில்லடி" என்று சிரித்தான் நல்லாண்டி. இருக்கிற பல் அத்தனையும் தெரிந்தது.

மறுநாள் காலை சபை நிரம்பி வழிந்தது. ராஜா தாடையைச் சுற்றி உச்சந்தலையில் ஒரு துணிக்கட்டுப் போட்டு, அதன்மேல் கிரீடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வைத்தியர் அகோரம் வெந்நீரில் போட்டெடுத்த குறட்டோடு நின்றார். பிரதானி பட்டு உத்தரீயம் போட்டுக்கொண்டு வந்திருந்தார், ஏதோ கல்யாணத்துக்கு வந்ததுபோல.

நல்லாண்டி ஒரு வெள்ளித் தட்டோடு வந்து வணங்கினான். "மகாராஜா, அடியேன் பல்லோடு பேசும் கடைசி வேளை இது. சபையில் ஒருவரிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள உத்தரவு தர வேண்டும்."

ராஜா தலையை அசைத்தார்.

நல்லாண்டி பிரதானியின் எதிரே போய்க் குனிந்தான். "ஐயா, இந்தச் சபையில் நான் அதிகமாகக் கேலி செய்தது தங்களைத்தான். தங்கள் அறிவுக்கு முன்னால் என் வாய்ச்சவடால் எம்மாத்திரம் என்று இன்று தெரிந்துகொண்டேன். தாங்கள் ஆழம், நான் வெறும் நுரை. இந்த நாட்டில் தங்களை ஜெயிக்க ஆள் இல்லை. இது என் வீட்டுக் கொடியில் பறித்த கொழுந்து. என் கையால் ஒரு தாம்பூலம் ஏற்றுக்கொண்டால், மன்னித்துவிட்டீர்கள் என்று நிம்மதியாகப் பல்லைக் கொடுப்பேன்."

நிறைந்த சபையில், அதுவும் நல்லாண்டியின் வாயால் இப்படி ஒரு புகழ்ச்சி! பிரதானியின் மோவாய் தானாக உயர்ந்தது. "பிழைத்துப் போம்" என்பதுபோலப் பெரிய மனது பண்ணிக் கையை நீட்டினார். தளிர் வெற்றிலையும் ஏலக்காய் மணமும் சேர்ந்து அவரை அதற்கப்புறம் யோசிக்க விடவில்லை. வாயில் போட்டார், கண்ணை மூடினார், மென்றார்.

"சபையோர் பார்த்தீர்கள் அல்லவா?" என்றான் நல்லாண்டி.

பிரதானியின் தாடை அசைவதை நிறுத்தியது.

"மகாராஜா, பல் துலக்கும் பதிலாள் உத்தியோகம் வழக்கப்படி கைமாறிவிட்டது. வேலையும் அவருடையது, வினையும் அவருடையது. வைத்தியரே, இந்தப் பக்கம் வாருங்கள். ஐயா வாய் இங்கே இருக்கிறது."

சபையில் ஒரே சலசலப்பு. திட்டு வாங்கும் பதிலாள் மட்டும், "என்னவாம், என்னவாம்?" என்று பக்கத்தில் இருந்தவரை இடித்துக்கொண்டிருந்தார். பிரதானி துப்பப் பார்த்தார், பாதி ஏற்கெனவே உள்ளே போய்விட்டிருந்தது. அகோரம் வழக்கம் தெரிந்தவர். நேரே வந்து பிரதானியின் உதட்டை விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதற்குக் குறடு எதற்கு? பலமாகத் தும்மினாலே போதும்போல இருக்கிறதே" என்றார்.

"மகாராஜா, அநியாயம்!" என்று அலறினார் பிரதானி. வாயோரம் இரண்டு பக்கமும் சிவப்பாக வழிந்தது. "வலி தங்கள் வாயில், குறடு என் வாயிலா? என் பல்லைப் பிடுங்கினால் தங்கள் வலி எப்படிப் போகும்?"

"நேற்றுத் தாங்கள்தானே ஐயா, விரதம்போலத்தான் பல்லும் என்றீர்கள்?" என்றான் நல்லாண்டி.

"விரதம் வேறு, பல் வேறு! தின்றது மகாராஜா, துலக்காமல் இருந்தது மகாராஜா, வாயை மணக்க வைத்ததும் மகாராஜா! நடுவில் என் பல் என்னய்யா பாவம் செய்தது?"

சொல்லி முடித்த பிறகுதான், தாம் என்ன சொன்னோம் என்று பிரதானிக்கு உறைத்தது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

நல்லாண்டி சிங்காதனத்தின் அருகே போய்க் கைகூப்பினான். இந்த முறை அவன் குரலில் விளையாட்டு குறைவாக இருந்தது. "மகாராஜா, இதைச் சொல்லத் தைரியம் இல்லாமல்தான் நான் இத்தனை மாதமாகத் தவித்தேன். பிரதானியார் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தங்கள் பொருட்டுத்தான் துலக்கினேன், வெளுத்தது என் பல். தங்கள் பொருட்டுத்தான் கொப்பளித்தேன், சுத்தமானது என் வாய். தங்களுக்கென்று வந்து சேர்ந்தது அந்தச் சொத்தை ஒன்றுதான். அதையும் யாருக்காவது தாம்பூலத்தோடு கொடுத்துவிட முடியுமானால், கொடுத்துப் பாருங்கள்."

ராஜா நல்லாண்டியின் வெள்ளைப் பல்லைப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டு, விரலிடுக்கில் வெற்றிலைச் சாறு வழிய நிற்கும் பிரதானியைப் பார்த்தார். யார் வாய்க்குப் போவது என்று தெரியாமல் குறட்டோடு நடுவில் நிற்கும் வைத்தியரைப் பார்த்தார். முதலில் மூக்கிலிருந்து, "ம்ஹூம்" என்று ஒரு சத்தம் வந்தது. தோள் குலுங்கியது. கிரீடம் ஒரு பக்கமாகச் சரிந்தது. தாடைக்கட்டு அவிழ்ந்து விழ, அடக்கி அடக்கிப் பார்த்து முடியாமல், ராஜா வாயை அகலத் திறந்து ஹாஹாஹாவென்று சிரித்தார்.

அந்த வாய் எப்போது திறக்கும் என்று முந்தாநாளிலிருந்து காத்துக்கிடந்தவர் அகோரம். அவர் உத்தரவுக்கெல்லாம் நிற்கவில்லை. சிரிப்பு முடிவதற்குள் குறடு போயிற்று, வந்தது.

"ஆ!" என்றார் ராஜா. கன்னத்தைத் தொட்டார். "என்ன, போயிற்றா?"

"போயிற்று மகாராஜா" என்று பல்லைத் தூக்கிக் காட்டினார் வைத்தியர். கறுத்துக் குழிந்து போயிருந்தது அது. ஒரு பஞ்சு உருண்டையை அந்த இடத்தில் வைத்துக் கடிக்கச் சொன்னார்.

சற்று நேரம் கழித்து ரத்தம் நின்றதும், இதமான உப்புத் தண்ணீர் ஒரு குவளையில் வந்தது. ராஜா பழக்க தோஷத்தில் அதை அப்படியே நல்லாண்டியிடம் நீட்டினார். நல்லாண்டி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூரை உத்தரத்தைப் பார்த்தான். ராஜா ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, மெதுவாகத் தாமே கொப்பளித்தார். பட்டாபிஷேகத்துக்குக்கூட மகாராணி அவ்வளவு பெருமையாகப் பார்த்திருக்க மாட்டார்.

அகோரத்துக்கும் அன்றைக்குத்தான் வாய் திறந்தது. "மகாராஜா, காலையிலும் படுக்கப்போகும் முன்பும் துலக்குங்கள். பலகாரத்தைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாள் முழுக்க வாயில் அடக்க வேண்டாம். எது தின்றாலும் கொப்பளியுங்கள். இன்னொன்று, வலி வந்த பிறகு என்னைக் கூப்பிடாதீர்கள். வலியே இல்லாதபோது கூப்பிட்டு வாயைக் காட்டுங்கள். இந்தக் குறடு துருப்பிடித்துப் போனால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவன் இருக்க மாட்டான்."

ராஜா அங்கேயே தீர்ப்பு சொன்னார். இனி அரண்மனையில் எதற்கும் பதிலாள் கிடையாது. விரத மைத்துனன் கண்ணீரோடு சமையற்கட்டைப் பார்த்து ஓடினான். திட்டு வாங்கும் பதிலாளுக்கு விஷயத்தைக் காதில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பிரதானியின் பல்லுக்கு மன்னிப்புக் கிடைத்தது, வெற்றிலைக்குக் கிடைக்கவில்லை. கறை போகிறவரை அவர் தினமும் காலையில் கல்மேடையில் ராஜாவின் பக்கத்தில் நின்று பல் துலக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

"நல்லாண்டி!" என்றார் ராஜா. ஒரு பல் குறைந்ததால் பேச்சில் கொஞ்சம் காற்று அடித்தது. "ஆற்றங்கரை வேப்பந்தோப்பையும் அதை ஒட்டிய நஞ்சையையும் உனக்கு மானியமாக விட்டோம். பொன்னாடையும் உண்டு." சொல்லிவிட்டுக் கண்ணைச் சிமிட்டினார். "பிரதானியாரே, நல்லாண்டி பொருட்டு நீர் வந்து அதை வாங்கிக்கொள்ளும்."

நல்லாண்டி ஒரே தாவில் சிங்காதனத்தின் முன்னால் வந்து விழுந்தான். "வேண்டாம் மகாராஜா! பல் துலக்குவதும் பரிசு வாங்குவதும் அவரவர் கையால்தான் நடக்க வேண்டும்!"

ராஜா மறுபடியும் சிரித்தார். பல் போன சந்து தெரிகிறதே என்றுகூடப் பார்க்காமல் சிரித்து, பொன்னாடையைத் தம் கையாலேயே அவன் தோளில் போர்த்தினார்.

வீட்டில் செங்கமலம் பொன்னாடையைத் தடவிப் பார்த்துவிட்டு, "வேப்பந்தோப்பா? குடுக்கறதுதான் குடுத்தாரு, ஒரு மாந்தோப்பாக் குடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். நல்லாண்டி அவளிடம் வாதாடவில்லை. முன்வரிசையை நாக்கால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, அவள் போட்ட சோற்றை நன்றாக மென்று தின்றான்.

மறுநாள் விடிந்ததும் சங்கு ஊதினார்கள். ராஜா தாமே கல்மேடையில் ஏறி வேப்பங்குச்சியைக் கடித்தார். கசப்பு ஏறியதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஊரே சிரித்தது. உப்பரிகையில் மகாராணி சிரித்தார், பக்கத்தில் வாய் நிறையக் குச்சியோடு பிரதானியும் சிரித்துவிட்டார், கடைசியில் ராஜாவும் சிரித்தார். அதற்கு மட்டும் அந்த நாட்டில் என்றைக்குமே பதிலாள் தேவைப்பட்டதில்லை.